நெட் வரலையா? ஏபிஎன்ல கை வைக்கறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

எங்க சித்தப்பா போன்ல மாசாமாசம் பதினஞ்சு பதினாறாம் தேதி வாக்குல நெட் நின்னுரும், கரெக்டா ஒண்ணாம் தேதி தானா வந்துரும். நாலு மாசம் இப்படியே ஓடிருக்கு. "அமாவாசை பௌர்ணமி மாதிரி இதுக்கும் ஒரு கணக்கு இருக்குடா"ன்னு அவரே சொல்லிட்டு திண்ணைல உக்காந்து பழைய பேப்பர் படிக்க ஆரம்பிச்சுட்டாரு. நானும் போன்ல பேசிப் பேசியே ஏபிஎன்ன (இன்டர்நெட்டுக்குள்ள போற வாசலோட பேர சொல்ற செட்டிங், பின்னாடி வெவரமா வரும்) நாலு தடவ மாத்த சொன்னேன், ரீஸ்டார்ட் பண்ண சொன்னேன், சிம்ம கழட்டி வேட்டி நுனில தொடச்சு போட சொன்னேன், ஒண்ணும் நடக்கல. பொங்கலுக்கு ஊருக்கு போனப்ப போன கைல வாங்கி பாத்தா, டேட்டா யூசேஜ் உள்ள டேட்டா லிமிட் ஆன்ல இருக்கு, 20 ஜிபி. அத வச்சது யாருன்னு கேக்காதீங்க, நான்தான். ரெண்டு வருஷம் முன்னாடி அவரு மாசத்துக்கு மொத்தமா இவ்ளோதான்னு ஒரு பேக் போட்டுருந்தாரு, தாண்டிட கூடாதேன்னு நானே வச்சுட்டு மறந்தாச்சு. இப்ப அவரு தினசரி 1.5 ஜிபி பேக்ல இருக்காரு, சீரியல் பாத்தே பாதி மாசத்துல 20 ஜிபிய முடிச்சுருவாரு, போன் சொன்ன பேச்ச கேட்டு கதவ சாத்திரும்.

இத ஏன் சொல்றேன்னா, நெட் வரலைன்னு சொன்னதும் எல்லாரும் மொதல்ல போயி நிக்கறது ஏபிஎன்லதான். நானும் அப்படித்தான். ஆனா நான் பாத்த வரைக்கும் பத்துல ஏழு எட்டு கேஸ் வேற எங்கயோ ஒரு சின்ன சுவிட்ச்லதான் மாட்டிருக்கும். அதனால வரிசையா போவோம், ஏபிஎன் கடைசிக்கு பக்கத்துல வரும், அவசரப்படாதீங்க.

மொதல்ல போனோட தலைல சிக்னல் கோட்டுக்கு பக்கத்துல என்ன எழுத்து தெரியுதுன்னு பாருங்க. அதுலயே பாதி கத தெரிஞ்சுரும். ஈ-ன்னு இங்கிலீஷ் எழுத்து தெரிஞ்சா அது 2ஜி, எட்ஜ்னு சொல்லுவாங்க, அதுல இன்னைக்கு இருக்கற ஆப் எதுவும் ஒழுங்கா தெறக்காது. எச் இல்ல எச் பிளஸ்னா 3ஜி. 4ஜி, எல்டிஇ (அதுவும் 4ஜிதான்), 5ஜி இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆர்-னு சின்னதா இருந்தா ரோமிங்ல இருக்கீங்க. கோடு ஃபுல்லா இருக்கு ஆனா எந்த எழுத்துமே இல்லைன்னா போன் டவரோட பேசிட்டு இருக்கு, டேட்டா மட்டும் கனெக்ட் ஆகல, அப்ப பிரச்சனை செட்டிங்ஸ்லயோ பேக்லயோ இருக்குன்னு அர்த்தம். இன்னொண்ணு, வோல்ட்டின்னு தனியா ஒரு குறி காட்டும், அத பாத்து நெட் ஆன்ல இருக்குன்னு ஏமாந்துராதீங்க, அது கால் பேசறதுக்கானது, டேட்டாவ ஆஃப் பண்ணி வச்சாலும் அது தெரியும்.

அடுத்து பேக். இது ரொம்ப சாதாரணமா தோணும், ஆனா நெறைய பேர் இதுல மாட்டறாங்க. பேக் முடிஞ்சே போச்சுன்னா மெசேஜ் வந்துரும், பிரச்சனை இல்ல. அன்னைக்கான டேட்டா மட்டும் முடிஞ்சு போச்சுன்னாதான் குழப்பம், ஏன்னா நெட் கட் ஆகாது, ஸ்பீடு 64 கேபிபிஎஸ்ஸுக்கு எறங்கிரும். 64 கேபிபிஎஸ்னா செகண்டுக்கு 8 கிலோபைட், அதாவது ஒரு எம்பி போட்டோ எறங்க ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும். 4ஜின்னு காட்டும், டேட்டா ஆன்ல இருக்கும், வாட்ஸப்ல எழுத்து மெசேஜ் போகும், ரெண்டு டிக் கூட விழும், ஆனா போட்டோ மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும், யூடியூப் தெறக்கவே தெறக்காது. இந்த அறிகுறி இருந்தா எந்த செட்டிங்ஸயும் தொடாதீங்க. கம்பெனி ஆப்ல போயி பாக்கி எவ்ளோன்னு பாருங்க, ஜீரோன்னு இருந்தா ராத்திரி 12 மணி வரைக்கும் பொறுங்க இல்ல ஒரு சின்ன ஆட் ஆன் பேக் போடுங்க. வீட்டுல பசங்க ஹாட்ஸ்பாட் வாங்கி கேம் அப்டேட் போட்டுருந்தா காலைல பத்து மணிக்கே 2 ஜிபி காலியாகும், அத அவங்க சொல்ல மாட்டாங்க.

பேக் இருக்கு, எழுத்தும் சரியா இருக்கு, ஆனா வரலைன்னா ஏரோபிளேன் மோட ஆன் பண்ணி அர நிமிஷம் விட்டு ஆஃப் பண்ணுங்க. ஆன் பண்ண உடனே ஆஃப் பண்ணிராதீங்க, அர நிமிஷம் நெஜமாவே விடுங்க. இது ஏதோ மந்திரம் இல்ல, போன் டவர்ல இருந்து முழுசா கழண்டு திரும்ப புதுசா பதிவு பண்ணி புது ஐபி (நெட்ல போனோட அட்ரஸ்) வாங்கிட்டு வரும், பஸ்லயோ ட்ரெயின்லயோ போகும்போது ஒரு டவர்லயே மாட்டி நிக்கற போனுக்கு இதுதான் வைத்தியம். அதுலயும் வரலைன்னா ஒரு ரீஸ்டார்ட்.

இப்ப சுவிட்சுங்க. இங்கதான் கொஞ்சம் நிதானமா பாக்கணும்.

டேட்டா லிமிட் எங்க இருக்கும்னா, சாம்சங்ல செட்டிங்ஸ் போயி கனெக்‌ஷன்ஸ், அதுல டேட்டா யூசேஜ், அதுக்குள்ள பில்லிங் சைக்கிள் அண்ட் டேட்டா வார்னிங். மத்த ஆண்ட்ராய்டுல நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் உள்ள தேடுனா டேட்டா வார்னிங் அண்ட் லிமிட்னு கெடைக்கும். வார்னிங் சும்மா சத்தம் மட்டும் போடும், லிமிட் நெட்டயே நிறுத்திரும், ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கறதால குழப்பிக்காதீங்க. தெனமும் இவ்ளோ ஜிபின்னு பேக் வச்சிருக்கறவங்களுக்கு லிமிட் தேவையே இல்ல, ஆஃப் பண்ணிருங்க.

டேட்டா சேவர்னு ஒண்ணு இருக்கு, இது ஆன்ல இருந்தா நீங்க தெறந்து வச்சிருக்கற ஆப்புக்கு மட்டும் நெட் போகும், பின்னாடி இருக்கறதுக்கு போகாது. "வாட்ஸப் தெறந்தாதான் மெசேஜ் வருது, தெறக்கலைன்னா வரல"ன்னு யாராவது சொன்னா மொதல்ல இதத்தான் சந்தேகப்படணும். பேட்டரி சேவரும் இதே வேலைய பாக்கும். ஒரே ஒரு ஆப்புல மட்டும் வரலைன்னா, அந்த ஆப்ப அழுத்தி பிடிச்சு ஆப் இன்ஃபோ போயி மொபைல் டேட்டான்னு இருக்கறத பாருங்க, பேக்ரவுண்ட் டேட்டாவ யாராவது ஆஃப் பண்ணிருக்கலாம். ஐபோன்ல இது இன்னும் நேரடியா இருக்கும், செட்டிங்ஸ்ல மொபைல் டேட்டா பக்கத்துக்கு போயி கீழ எறங்குனா எல்லா ஆப்பும் வரிசையா ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுவிட்சோட நிக்கும், கொழந்த கைல போன குடுத்துட்டு வாங்குனா அதுல ஒண்ணு ரெண்டு ஆஃப் ஆகிருக்கும். அதே பக்கத்தோட அடில வைஃபை அசிஸ்ட்னு ஒண்ணு இருக்கு, வைஃபை வீக்கா இருந்தா சொல்லாம கொள்ளாம மொபைல் டேட்டாவுக்கு தாவும். வீட்டுல வைஃபை இருந்தும் பேக் சீக்கிரம் தீருதுன்னு பொலம்பறவங்க அத ஆஃப் பண்ணுங்க.

அப்பறம் பிரைவேட் டிஎன்எஸ். டிஎன்எஸ்ங்கறது வெப்சைட் பேர வச்சு அதோட அட்ரஸ தேடி குடுக்கற சர்வர். விளம்பரம் வராம இருக்கறதுக்குன்னு ஏதோ ஒரு வீடியோவ பாத்து இதுல ஒரு பேர போட்டு வச்சுருப்பாங்க, ஆறு மாசம் ஓடும், ஒரு நாள் அந்த சர்வர் போன் கைக்கு எட்டாம போகும், அவ்ளோதான், வைஃபைலயும் வராது மொபைல்லயும் வராது. பிரைவேட் டிஎன்எஸ் சர்வர் ஆக்சஸ் பண்ண முடியலன்னு ஒரு நோட்டிஃபிகேஷன் வரும், நம்ம அத படிக்காம தள்ளிவிட்டுருவோம். செட்டிங்ஸ் மேல இருக்கற தேடற இடத்துல டிஎன்எஸ்னு அடிச்சா நேரா அங்க கொண்டு போகும், ஆட்டோமேட்டிக்னு மாத்திருங்க. விபிஎன் ஆப் (நெட்ட வேற சர்வர் வழியா சுத்தி விடறது) ஏதாச்சும் ஓடிட்டு இருந்தாலும், மேல சின்னதா சாவி மாதிரி குறி தெரிஞ்சாலும், அத நிறுத்திட்டு பாருங்க.

தேதி நேரம் தப்பா இருந்தாலும் நெட் வராத மாதிரிதான் இருக்கும். பேட்டரி சுத்தமா செத்து ரொம்ப நாள் கெடந்த போன ஆன் பண்ணும்போது சில சமயம் ஏதோ பழைய வருஷத்துக்கு போயிருக்கும், அப்ப எந்த வெப்சைட்ட தெறந்தாலும் கனெக்‌ஷன் பாதுகாப்பு இல்லைன்னு செவப்பா வந்து நிக்கும். ஆட்டோமேட்டிக் டைம ஆன் பண்ணா போதும்.

ரெண்டு சிம் வச்சிருக்கறவங்க கத தனி. ரெண்டு சிம்மும் உள்ள இருக்கும், ரீசார்ஜ் பண்ணது ஒண்ணுல, டேட்டாவுக்கு செலக்ட் ஆகிருக்கறது இன்னொண்ணு. சிம்ம கழட்டி மாட்டுனா, இல்ல ஸ்லாட் மாத்தி போட்டா போன் தானா வேற சிம்ம டேட்டாவுக்கு எடுத்துக்கும், நமக்கு தெரியாது. சிம் மேனேஜர்னோ சிம்ஸ்னோ இருக்கற எடத்துல போயி மொபைல் டேட்டாவுக்கு எது டிக் ஆகிருக்குன்னு ஒரு பார்வ பாத்துருங்க. அடுத்தது, டேட்டா ஒரு சிம்ல ஓடும்போது இன்னொரு சிம்ல கால் வந்தா பேசி முடிக்கற வரைக்கும் நெட் நின்னுரும், இதுக்கு கால் பேசும்போது டேட்டான்னோ ஆட்டோ டேட்டா ஸ்விட்சிங்னோ ஒரு ஆப்ஷன் இருக்கும், ஆன் பண்ணா கால் வந்த சிம்லயே டேட்டா தற்காலிகமா ஓடும். ஆனா அந்த சிம்ல பேக் இல்லைன்னா மெயின் பேலன்ஸ்ல கை வைக்க வாய்ப்பு இருக்கு, பாத்துக்கங்க.

நெட்வொர்க் மோட். செட்டிங்ஸ்ல அந்த சிம்ம தொட்டா பிரிஃபர்ட் நெட்வொர்க் டைப்னு வரும், சாம்சங்ல நெட்வொர்க் மோட்னு இருக்கும். இதுல எப்பவும் 5ஜி, 4ஜி, 3ஜி, 2ஜி எல்லாம் சேந்த ஆட்டோதான் நல்லது, உங்க போன்ல 5ஜி இல்லைன்னா 4ஜில ஆரம்பிக்கறது. சில பேரு *#*#4636#*#* அடிச்சு உள்ள போயி எல்டிஇ ஒன்லின்னு போட்டு வச்சுருப்பாங்க, ஸ்பீடு நல்லா இருக்கும்னு. ஜியோவுல 2ஜி 3ஜியே கெடையாது, அதுல ஒண்ணும் தெரியாது. ஆனா வேற கம்பெனி சிம்ல, வோல்ட்டி சரியா வேலை செய்யாத போன்ல எல்டிஇ ஒன்லி போட்டா கால் வராது, கூப்புடறவங்களுக்கு ஸ்விட்ச் ஆஃப்னு வரும், இவரு நெட்டு நல்லா வருதுன்னு சந்தோஷமா இருப்பாரு. அதே மாதிரி கம்பெனி மாத்தி போர்ட் பண்ணப்பறம் நெட் வரலைன்னாலும் மொதல்ல இங்க பாருங்க, பழைய சிம்முக்கு வச்ச மோடே அந்த ஸ்லாட்ல அப்படியே நின்னுருக்கலாம்.

5ஜி பத்தி ஒரு வார்த்த. 2022 அக்டோபர்ல இங்க ஆரம்பிச்சாங்க, ஜியோ தனியா நிக்கற ஸ்டாண்ட் அலோன் முறைல போனாங்க, ஏர்டெல் 4ஜி மேல ஏத்தி வச்ச மாதிரி நான் ஸ்டாண்ட் அலோன்ல ஆரம்பிச்சாங்க. அதனால 5ஜி போன்னு எழுதிருந்தா மட்டும் பத்தாது, அந்த கம்பெனியோட முறையும் பேண்டும் (அலைவரிசையும்) போன்ல இருக்கணும், அதுக்கு சாஃப்ட்வேர் அப்டேட்டும் போட்டுருக்கணும். உங்க தெருவுல 5ஜி வர்றதும் போறதுமா இருந்தா போன் ரெண்டுக்கும் நடுவுல ஊசலாடிட்டே இருக்கும், பேட்டரியும் சூடாகும் நெட்டும் திக்கும். அந்த மாதிரி எடத்துல பேசாம 4ஜில வச்சுட்டு நிம்மதியா இருங்க, நான் வீட்டுல அப்படித்தான் வச்சுருக்கேன்.

சரி, இப்ப ஏபிஎன். ஆக்சஸ் பாயின்ட் நேம். டவர் வரைக்கும் போன் போயிருச்சு, அங்க இருந்து இன்டர்நெட்டுக்குள்ள போறதுக்கு எந்த வாசல்னு சொல்ற பேருதான் இது, அவ்ளோதான். இப்ப வர்ற போன்ல சிம்ம போட்ட உடனே தானா வந்து உக்காந்துக்கும். பழைய நோக்கியா காலத்துல கஸ்டமர் கேருக்கு மெசேஜ் அனுப்பி, செட்டிங்ஸ் மெசேஜ் வந்ததும் 1234-ன்னு பின் அடிச்சு சேவ் பண்ணிட்டு இருந்தோமே, அதுவும் இதே வேலைதான். இப்ப கைல போட வேண்டி வர்றது எப்பன்னா, வெளிநாட்டுல இருந்து வந்த போனு, கம்பெனி மாத்துன சிம்மு, யாரோ ஏற்கனவே நோண்டி வச்ச போனு, இந்த மாதிரி நேரத்துலதான்.

சாம்சங்ல செட்டிங்ஸ், கனெக்‌ஷன்ஸ், மொபைல் நெட்வொர்க்ஸ், ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ். ஷாவ்மி ரெட்மில சிம் கார்ட்ஸ் அண்ட் மொபைல் நெட்வொர்க்ஸ் போயி சிம்ம தொட்டா உள்ள இருக்கும். மத்ததுல நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், சிம்ஸ், உங்க சிம், அதோட அடில. ஐபோன்ல மொபைல் டேட்டா உள்ள மொபைல் டேட்டா நெட்வொர்க்னு இருக்கும், சில கம்பெனி சிம்முக்கு அந்த எடமே தெரியாது, தெரியலைன்னா அது தானா செட் ஆகிருக்குன்னு அர்த்தம், தேடி அலையாதீங்க. போன தமிழ்ல வச்சிருக்கறவங்களுக்கு அணுகல் புள்ளின்னு ஆரம்பிக்கற பேர்ல இருக்கும், இந்த வார்த்தைய ஊர்ல எந்த மொபைல் கடைக்காரர்ட்ட சொன்னாலும் ஒரு செகண்டு முழிப்பாரு.

உள்ள போனதும் புதுசா எதையும் அடிக்காதீங்க. மொதல்ல மேல மூணு புள்ளிய தொட்டு ரீசெட் டு டிஃபால்ட் குடுங்க. அதுவே கம்பெனியோட சரியான செட்டிங்ஸ திரும்ப கொண்டு வந்துரும், பாதி பேருக்கு இங்கயே முடிஞ்சுரும். லிஸ்ட்ல ரெண்டு மூணு பேர் வந்தா இன்டர்நெட்டுக்கானதுக்கு நேரா இருக்கற வட்டத்த தொட்டு செலக்ட் பண்ணுங்க, எம்எம்எஸ்னு இருக்கறத செலக்ட் பண்ணா நெட் வராது.

லிஸ்ட் காலியா இருந்தா மட்டும் பிளஸ் குறிய தொட்டு புதுசா போடுங்க. நேம்ங்கற எடத்துல உங்க இஷ்டம், சித்தப்பா நெட்டுன்னு கூட போடலாம், அது ஒரு லேபிள் மட்டும்தான். ஏபிஎன்ங்கற எடந்தான் முக்கியம். ஜியோவுக்கு ஜியோநெட், ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம், விஐ-க்கு டபிள்யூ மூணு தடவ, பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட். எல்லாம் இங்கிலீஷ்ல, சின்ன எழுத்துல, நடுவுல எடைவெளி இல்லாம, டாட் காம் வர்ற எடத்துல டாட்டுன்னு எழுதக்கூடாது, புள்ளி வைக்கணும்.

இந்த எடைவெளிதான் பெரிய வில்லன். கீபோர்டு சஜஷன்ல ஒரு வார்த்தைய தொட்டீங்கன்னா அதுவா கடைசில ஒரு ஸ்பேஸ் சேத்துரும், புள்ளி வச்சதும் அடுத்து ஒரு ஸ்பேஸ் விட்டு மொத எழுத்த பெருசாக்கிரும். கண்ணுக்கு தெரியாது, ஆனா அந்த பேர்ல வாசலே கெடையாதுன்னு நெட்வொர்க் திருப்பி அனுப்பிரும். அதனால சஜஷன தொடாம ஒவ்வொரு எழுத்தா அடிங்க, அடிச்சு முடிச்சுட்டு கர்சர கடைசில வச்சு ஒரு தடவ பேக்ஸ்பேஸ் தட்டி பாருங்க, உண்மையான எழுத்து அழிஞ்சா திரும்ப அடிச்சுக்கங்க, எதுவும் அழியாத மாதிரி இருந்தா அழிஞ்சது அந்த ஸ்பேஸ்தான். கேவலமான வேலையா தெரியும், ஆனா ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

மத்த எடமெல்லாம்? பிராக்சி, போர்ட், யூசர் நேம், பாஸ்வேர்ட், சர்வர், எம்எம்எஸ்சி எல்லாத்தையும் காலியா விடுங்க. குறிப்பா பிராக்சியும் போர்ட்டும். அந்த காலத்து வேப் செட்டிங்ஸ்ல பிராக்சி நம்பர் போடுவோம், அத இப்ப போட்டா பிரவுசர் ஒரு மாதிரி வரும் வாட்ஸப் வராது, இல்ல எதுவுமே வராது. எம்சிசி (நாட்டோட கோட்), எம்என்சி (கம்பெனியோட கோட்) ரெண்டும் போன் தானா சிம்ம படிச்சு போட்டுருக்கும், எம்சிசி 404 இல்ல 405-ன்னு இருக்கும், அது இந்தியாவோட நம்பரு, மாத்துனீங்கன்னா சேவ் பண்ண ஏபிஎன் லிஸ்ட்லயே தெரியாம மறைஞ்சுரும், தொடாதீங்க. ஏபிஎன் டைப்ல டிஃபால்ட், ஒரு கமா, எஸ்யுபிஎல்னு சேத்து போடுங்க, கமாவுக்கு அப்பறமும் ஸ்பேஸ் வேண்டாம். ஏபிஎன் புரோட்டோகால்ல ஐபிவி4/ஐபிவி6 ரெண்டும் சேந்தத எடுங்க, ஜியோ மாதிரி நெட்வொர்க் பெரும்பாலும் ஐபிவி6-லதான் ஓடுது, அதுல போயி ஐபிவி4 மட்டும்னு வச்சா சில போன்ல மொரண்டு பிடிக்கும். பேரர்னு ஒண்ணு இருக்கும், அன்ஸ்பெசிஃபைட்னே விடுங்க. முடிச்சதும் மூணு புள்ளிய தொட்டு சேவ் குடுக்கணும், பேக் அடிச்சு வெளிய வந்தா சில போன்ல அடிச்சதெல்லாம் போயிரும். சேவ் ஆனப்பறம் லிஸ்ட்ல அதோட வட்டத்த தொட்டு செலக்ட் பண்ணி, ஏரோபிளேன் மோட் ஒரு தடவ போட்டு எடுங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லியே ஆகணும். ஏபிஎன் மாத்துனா ஸ்பீடு ரெண்டு மடங்கு ஆகும்னு வீடியோவா போட்டு தள்றாங்க, சர்வர்ல கூகுள் அட்ரஸ போடு, பேரர்ல எல்டிஇய மட்டும் டிக் பண்ணு, யூசர் நேம்ல கம்பெனி பேர போடுன்னு. இதுல எதுவும் ஸ்பீட கூட்டாது. வாசல் பேர மாத்துனா ரோடு அகலமாகுமா? ஸ்பீடுங்கறது உங்க டவர்ல எத்தன பேரு தொங்கறாங்க, நீங்க எவ்ளோ தூரத்துல இருக்கீங்க, எந்த பேண்ட் கெடைக்குதுங்கறதுல இருக்கு. 2300 மெகாஹெர்ட்ஸ் பேண்ட் வெளிய நல்லா ஓடும், கான்க்ரீட் சுவத்த தாண்டி உள்ள வர தெணறும், 850 மாதிரி கீழ இருக்கற பேண்டுதான் வீட்டுக்குள்ள நொழைஞ்சு வரும். அதனால ராத்திரி ஒம்பது மணிக்கு உள் ரூம்ல ஸ்பீடு இல்லைன்னா ஜன்னல் பக்கம் நகந்து உக்காருங்க, அந்த வீடியோவ பாக்கறத விட அது மேல்.

ஹாட்ஸ்பாட் வரலைன்னு நெறைய பேர் கேக்கறாங்க, அதையும் சொல்லிர்றேன். போன்ல நெட் வருது, லேப்டாப்புல ஹாட்ஸ்பாட் பேரே தெரியலைன்னா, போன் 5 கிகாஹெர்ட்ஸ்ல அனுப்புது, பழைய லேப்டாப்புக்கு 2.4 மட்டும்தான் தெரியும், ஹாட்ஸ்பாட் செட்டிங்ஸ்ல பேண்ட 2.4-க்கு மாத்துங்க. பேரு தெரியுது கனெக்டும் ஆகுது ஆனா நெட் போகலைன்னா, நீங்க கைல போட்ட ஏபிஎன்ல டைப்புக்கு கடைசில கமா போட்டு டியுஎன்-னு மூணு எழுத்த சேத்து பாருங்க, சில போனுக்கு அது வேணும். அப்பறம் லேப்டாப்புல விண்டோஸ் இருந்தா அந்த வைஃபைய மீட்டர்ட் கனெக்‌ஷன்னு வச்சுருங்க, இல்லைன்னா அது பாட்டுக்கு அப்டேட் எறக்க ஆரம்பிச்சு உங்க அன்னைக்கு டேட்டாவ மொத்தமா முழுங்கிரும்.

இவ்ளோ பண்ணியும் வரலைன்னா நெட்வொர்க் செட்டிங்ஸ் ரீசெட். சாம்சங்ல ஜெனரல் மேனேஜ்மென்ட் உள்ள ரீசெட், மத்ததுல சிஸ்டம் உள்ள ரீசெட் ஆப்ஷன்ஸ். போட்டோ, நம்பர் எதுவும் போகாது, பயப்படாதீங்க, ஆனா பெரும்பாலான போன்ல சேவ் பண்ண வைஃபை பாஸ்வேர்டும் ப்ளூடூத் ஜோடியும் அழிஞ்சுரும், வீட்டு வைஃபை பாஸ்வேர்ட் தெரியுமான்னு பாத்துட்டு அழுத்துங்க. அழுத்தும்போது ஃபேக்டரி ரீசெட்ட அழுத்திராதீங்க, ரெண்டும் ஒரே பக்கத்துல கீழ கீழ இருக்கும், அது எல்லாத்தையும் தொடச்சுரும்.

அதுவும் உதவலைன்னா சிம்ம கழட்டி வேற ஒரு போன்ல போடுங்க, அந்த போன்ல வர்ற சிம்ம இங்க போடுங்க. இதுதான் நேர்மையான பரிட்சை. சிம் அங்கயும் வேலை செய்யலைன்னா போன் மேல தப்பில்ல. 3ஜி காலத்துல வாங்குன சிம்மாவே இருந்தா அதுல 4ஜி வராது, கடைல ஆதார் குடுத்து அதே நம்பருக்கு 4ஜி சிம் மாத்திக்கணும். மாத்துன மொத 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வச்சுருப்பாங்க, திருட்டுத்தனமா சிம் மாத்தி ஓடிபி எடுக்கறத தடுக்கத்தான் அது, அதனால பேங்க் வேலை இருக்கற நாள்ல சிம் மாத்தாதீங்க.

கம்பெனி பக்கத்துல டேட்டா சர்வீஸே ஆஃப் ஆகிருக்கவும் வாய்ப்பு உண்டு. ட்ராய் (டெலிகாம் கம்பெனிங்கள கண்காணிக்கற அரசு அமைப்பு) சொல்லி எல்லா கம்பெனிக்கும் பொதுவா வச்ச நம்பர் 1925, அதுக்கு ஸ்டார்ட்னு இங்கிலீஷ்ல மெசேஜ் அனுப்புனா டேட்டாவ ஆன் பண்ணுவாங்க, ஸ்டாப்னு அனுப்புனா ஆஃப். இது நெறைய பேருக்கு தெரியாது. அதுக்கும் மேல புகார்னா 198. புகார் நம்பர் மெசேஜா வரும், அத வச்சுக்கங்க.

நீங்க புகார் குடுக்காம தானா ஒருத்தர் கூப்ட்டு "சார் உங்க சிம்ம 5ஜிக்கு மாத்தணும், இந்த நம்பர அடிங்க, இந்த லிங்க தொடுங்க"ன்னு சொன்னா கட் பண்ணிருங்க. *401*-ன்னு ஆரம்பிச்சு ஒரு நம்பர அடிக்க சொல்றது உங்க கால எல்லாம் அவங்களுக்கு திருப்பி விடறதுக்கு, 2024 ஏப்ரல்ல இருந்து அந்த மாதிரி கோட் வழியா கால் ஃபார்வர்ட் பண்றதையே நிறுத்த சொல்லிட்டாங்க, ஆனாலும் கேக்கறவங்க கேட்டுட்டுதான் இருக்காங்க. ஏற்கனவே அடிச்சு தொலச்சுட்டீங்கன்னா ##002# அடிங்க, ஃபார்வர்ட் எல்லாம் ரத்தாகும்.

டேட்டா ரோமிங் சுவிட்ச விட்டுட்டேன். பெங்களூரு, ஐதராபாத்துன்னு போகும்போது சில போன்ல ஆர் காட்டிட்டு நெட் நிக்கும், அப்ப டேட்டா ரோமிங்க ஆன் பண்ணுங்க, நம்ம நாட்டுக்குள்ள இப்ப இருக்கற பேக்குக்கு அதுக்குன்னு தனி காசு இல்ல. ஆனா திரும்பி வந்ததும் ஆஃப் பண்ணிருங்க. தனுஷ்கோடி அரிச்சல்முனைல நின்னு செல்ஃபி எடுக்கும்போது போன் இலங்கை டவர பிடிச்சுக்கும், இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் பண்ணி வச்சிருக்கற போஸ்ட்பெய்டு காரங்க அங்க டேட்டாவ ஆன்லயே விட்டா பில்லு வரும்போது கடல பாத்த சந்தோஷமெல்லாம் போயிரும்.

கடைசியா ஒண்ணு, நெட் நல்லா ஓடிட்டு இருக்கற நாள்லயே ஏபிஎன் பக்கத்த தெறந்து மேல இருந்து கீழ வரைக்கும் ரெண்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வீட்டுல இன்னொருத்தர் போனுக்கு அனுப்பி வச்சுருங்க. உங்க போன்லயே வச்சுக்கிட்டாலும் தப்பில்ல, ஆனா அந்த போனே வேலை செய்யாம கடைக்கு போயிருக்கும்போது தேவைப்படும். சித்தப்பாவோட ஸ்க்ரீன்ஷாட் என்கிட்ட இருக்கு, டேட்டா லிமிட் ஆஃப்ல இருக்கற பக்கத்தையும் சேத்தே எடுத்து வச்சுருக்கேன்.